பூட்டு ஊர்க்காரன் தைச்ச துப்பாக்கி உறை

முதல்லயே சொல்லிடறேன், எங்கிட்ட துப்பாக்கி கிடையாது. வச்சுக்கவும் முடியாது. ஹெச்1பி விசாவுல இருக்கறவன் இந்த ஊர்ல துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருந்தா ஃபெடரல் சட்டப்படி குத்தம். வேட்டை லைசென்ஸ் எடுத்தா விதிவிலக்கு உண்டு, ஆனா கிரீன் கார்டு வரிசையில நிக்கிற மனுஷன் எவனாவது அந்த வம்புக்குப் போவானா. ஆனா துப்பாக்கிக்கு உறை தைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல, அதனால தைச்சேன். டெக்சாஸ்ல உக்காந்துக்கிட்டு, எனக்கு எந்த சம்பந்தமும் இல்லாத ஒரு சாமானுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதை இது.

எல்லாத்துக்கும் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். ரிட்டயர் ஆனவர், வயசு எழுபதுக்கு மேல. சனிக்கிழமை காலையில தொப்பி, கோட்டு, பூட்ஸ்னு 1880ல இருந்து நேரா இறங்கி வந்த மாதிரி கிளம்பிப் போவார். புதுசா குடி வந்தப்ப ஏதோ நாடகக் கம்பெனிலதான் நடிக்கிறாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்னு ஒரு போட்டி இருக்கு, அதுக்கு 1987ல இருந்து எஸ்.ஏ.எஸ்.எஸ்.னு (சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி) ஒரு சங்கமே இருக்கு, அதுல சேர்ந்தா பழைய காலத்து உடுப்பு போடணும், பட்டப்பேர் ஒண்ணு வச்சுக்கணும், பழைய மாடல் ரிவால்வர் ரெண்டு, லீவர் ரைஃபிள் ஒண்ணு, ஷாட்கன் ஒண்ணு வச்சு இரும்புத் தகடுகளை டைமிங்ல சுடணும். இவரோடது 1873 மாடல் கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வரோட இத்தாலிக்காரன் செஞ்ச நகல். ஆறு தோட்டா போடற துப்பாக்கில அஞ்சுதான் போடுவாங்க, ஏன்னா அந்தப் பழைய டிசைன்ல சுத்தியல் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கற பாகம்) நேரா தோட்டா மேலயே உக்காந்திருக்கும், கீழ விழுந்தா வெடிச்சிடும், அதனால அந்த ஒரு அறையைக் காலியா விட்டுடுவாங்க. அவர் இதைச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு இந்த விஷயத்துலயே ஒரு மரியாதை வந்துச்சு.

அவரோட துப்பாக்கி மாட்டற பெல்ட் தையல் விட்டுப்போச்சு. மிஷின் தையல், ஒரு இடத்துல அறுந்ததும் சரசரன்னு பிரிஞ்சுட்டே வந்திருக்கு. நான் கொரோனா சமயத்துல பொழுது போகாம பர்ஸ் தைக்கக் கத்துக்கிட்டவன், ஃபோர்ட் வொர்த் போனா டாண்டி கடையில ஒரு மணி நேரம் சும்மாவே சுத்துவேன் (1919ல இதே ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி, தோல் வேலை பழகுறவங்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி). வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பெல்ட்டைக் காட்டி "இதை ரிப்பேர் பண்ண முடியுமா"ன்னு கேட்டார். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம "புதுசாவே செஞ்சு தரேன்"னுட்டேன். பர்ஸ் தைக்கறவன் கன் பெல்ட் தைக்கறேன்னு சொல்றது, இட்லி ஊத்தத் தெரிஞ்சவன் கல்யாணப் பந்திக்கு அட்வான்ஸ் வாங்கற மாதிரி.

நம்ம மனசுல இருக்கற கௌபாய் பெல்ட் எப்படி இருக்கும்? ஜெய்சங்கர் படத்துல பாத்தது, சிவகாசியில இருந்து வர்ற காமிக்ஸ்ல பாத்தது. பெல்ட் ஒரு பக்கம் சரிஞ்சு தொங்கும், துப்பாக்கி தொடை நடுவுல இருக்கும், கீழ ஒரு வாரு வச்சுத் தொடையோட கட்டியிருக்கும். நானும் அதைத்தான் வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். பெரியவர் பாத்துட்டுச் சிரிச்சார். அது சினிமாவாம். பெல்ட்லயே ஓட்டை போட்டு உறையைத் தொங்கவிடற அந்த டிசைனுக்கு பஸ்கடேரோன்னு பேர், 1920கள்லதான் வந்துச்சு, அப்புறம் ஹாலிவுட் அதை இன்னும் கீழ இறக்கிடுச்சு. 1950கள்ல ஆர்வோ ஓஜாலான்னு ஒருத்தர் உறைக்குள்ள உலோகத் தகடு வச்சு, துப்பாக்கி உள்ள இருக்கும்போதே சிலிண்டர் (தோட்டா போடற உருளை) சுத்தற மாதிரி செஞ்சு பேடன்ட் வாங்கினார், டிவில வர்ற அந்த மின்னல் வேகத்துல துப்பாக்கி உருவறதெல்லாம் அந்த உறையோட புண்ணியம். நெஜ கௌபாய்க்கு நாள் பூரா குதிரை மேல வேலை. துப்பாக்கி தொடையில டொக்கு டொக்குன்னு இடிச்சா ஆகுமா. இடுப்போட ஒட்டி, உயரமா, ஆழமா, பாதித் துப்பாக்கியை முழுங்கற மாதிரிதான் உறை இருந்திருக்கு.

அவர் கேட்டது மெக்சிகன் லூப். இதோட டிசைனைப் பாத்து நான் ஒரு ராத்திரி தூங்கல. ஒரே ஒரு தோல். அதை மடிச்சா துப்பாக்கி நுழையற பை, ஒரு ஓரத்துல மட்டும் தையல். பையோட பின்பக்கத் தோல் மேல நீண்டு போகும், அதை அப்படியே பின்னால மடக்கித் தொங்கவிட்டா அகலமா ஒரு முதுகு, இங்க அதை ஸ்கர்ட்னு சொல்றாங்க. அந்த ஸ்கர்ட்ல குறுக்கால வெட்டு போட்டு, பையை அதுக்குள்ள நுழைச்சு இழுத்தா அவ்வளவுதான், முடிஞ்சுது. ஆணி கிடையாது, ரிவிட் கிடையாது. ஸ்கர்ட்டுக்கும் பைக்கும் நடுவுல இருக்கற சந்துல பெல்ட் ஓடும். இது எப்படி வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி இருந்த துப்பாக்கிங்க மருந்து தனி, குண்டு தனி, தோட்டா பெல்ட்டுங்கற பேச்சே இல்ல, மெலிசான பெல்ட்டும் ஒரு சின்ன லூப்பும் போதும். உலோகத் தோட்டா வந்ததும் அதை மாட்டி வைக்க அகலப் பெல்ட் வந்துச்சு, பழைய உறையோட லூப்ல அது நுழையல. 1870கள்ல இந்த மாதிரி உறை பரவினதுக்கு அதுதான் காரணம். வயோமிங்ல செயன்னிங்கற ஊர்ல மீனியான்னு ஒரு சேணக்காரர், அவர் கடையில செஞ்ச உறை இன்னிக்கு ஏலத்துல வந்தா பழம்பொருள் சேக்கறவங்க அடிச்சுக்கறாங்க. எப்படி அவர் செஞ்சதுன்னு தெரியும்? தோல்லயே அவர் பேரும் ஊரும் முத்திரை குத்தியிருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரேன்.

தோல் வாங்கின கதை. இங்க தோலோட தடிமனை அவுன்ஸ்ல சொல்றாங்க, ஒரு அவுன்ஸ்னா இஞ்சுல 64ல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். உறைக்கு எட்டு ஒன்பது அவுன்ஸ், அதாவது மூணு மில்லிமீட்டரைத் தாண்டணும். அதுவும் வெஜ் டான் தோலா இருக்கணும், மரப்பட்டைச் சாறுல வாரக்கணக்குல ஊறிப் பதமான தோல். இப்ப உலகத்துல பெரும்பாலான தோல் குரோம்ல பதனிடறது, சீக்கிரம் முடிஞ்சிடும், மெத்துன்னு இருக்கும், ஆனா ஈரமாக்கி அழுத்தினா வடிவம் நிக்காது. வெஜ் டான்ல விரல் நகம் பட்டாகூட அப்படியே பதியும். செயின்ட் லூயிஸ்ல ஹெர்மன் ஓக்னு 1881ல இருந்து இருக்கற டேனரி (தோல் பதனிடற ஆலை), அங்க இருந்து வந்த ஒரு சைடு, அதாவது பாதி மாடு, சுருட்டி வாசல்ல வச்சுட்டுப் போயிருந்தான். உள்ள கொண்டு வந்து பிரிச்சேன் பாருங்க.

அந்த வாசம். டைனிங் டேபிள்ல தோலை விரிச்சு வச்சுக்கிட்டு நான் திண்டுக்கல்ல நிக்கறேன்.

எங்க ஊர் திண்டுக்கல். வெளியூர்க்காரனுக்குப் பூட்டும் பிரியாணியும்தான் தெரியும், உள்ளூர்க்காரனுக்கு மூணாவதா ஒண்ணு தெரியும், தோல் ஷாப்பு. பஸ் பேகம்பூர் பக்கம் போகும்போது ஜன்னலை மூடுவாங்க, பொம்பளைங்க முந்தானையால மூக்கைப் பொத்துவாங்க. தமிழ்நாட்டுல ஆவாரம் பட்டையில தோலைப் பதனிட்டு, கடைசியில கடுக்காய்ச் சாறுல போட்டு எடுக்கற ஒரு முறை உண்டு, மெட்ராஸ் துறைமுகம் வழியா லண்டன் வரைக்கும் போன சரக்கு அது, ஈ.ஐ. லெதர்னு பேர், ஈஸ்ட் இந்தியாங்கறதோட சுருக்கம். பின்னால ஆவாரம் போய் வாட்டில் பட்டை வந்துச்சு, அதுக்கப்புறம் குரோம் வந்துச்சு, குரோமோட சேந்து நிலத்தடித் தண்ணியும் போச்சு. ஈ.ஐ. லெதருக்குப் புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்காங்க. நம்ம பூட்டுக்கு வாங்கினது ஊருக்கே தெரியும், போஸ்டர் அடிச்சான். தோலுக்கு வாங்கினதை யாரும் பேசிக் கேட்டதில்ல.

வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினேன். "என்னடா அது, மாட்டுத் தோலா? சாப்பிடற மேஜை மேலயா?" அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "இதுக்காடா உன்னைய இஞ்சினியருக்குப் படிக்க வச்சோம், செருப்புத் தைக்கறதுக்கா". எங்க அம்மா கெட்டவங்க இல்ல. ஆனா அந்த வாக்கியத்துக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பர்ஸ் தைச்சப்ப "அழகா இருக்குடா"ன்னாங்க. அப்பவும் அது தோல்தான், ஆனா கலர் அடிச்சு மடிச்சு முடிஞ்சிருந்துச்சு. முழுத் தோலா பாத்ததும்தான் இந்தப் பேச்சு வந்துச்சு.

சரி, வேலைக்கு வரேன். பேட்டர்ன் எடுக்க நெஜத் துப்பாக்கியைத் தொடக்கூடாதே, அதே அளவுல நீல பிளாஸ்டிக்ல டம்மி விக்கறான், அதை வாங்கிட்டேன். ஆபீஸ் ஃபைல் அட்டையில அதைப் படுக்க வச்சு சுத்தி வரையணும், பென்சிலை நேரா பிடிக்கணும், சாய்ச்சா அளவு போச்சு. தோலோட தடிமனுக்கும் தையலுக்கும் இடம் விடணும், எவ்வளவுன்னு கேட்டா கைதான் சொல்லணும். நாலு அட்டை கிழிச்சு அஞ்சாவதுலதான் சரியா வந்துச்சு. மெக்சிகன் லூப்ல அந்த வெட்டு எங்க விழுதுங்கறதுதான் உயிர், கால் இஞ்சு கீழ போனா உறை தொளதொளன்னு ஆடும், மேல போனா பை உள்ளயே நுழையாது.

பெல்ட்ல மானம் போச்சு. பெரியவர்கிட்ட இடுப்பு என்ன சைஸ்னு கேட்டேன், முப்பத்தெட்டுன்னார், பேன்ட் சைஸ். நானும் அதை வச்சே, தோலோட முதுகுப் பக்கத்துல இருந்து (வயித்துப் பக்கம் எடுத்தா ரப்பர் மாதிரி இழுத்துக்கும்) மூணு இஞ்சு அகலத்துல நீளமா வெட்டிட்டேன். கன் பெல்ட் பேன்ட் லூப்ல போடறது இல்ல, உடுப்புக்கு மேல, இடுப்பெலும்பு மேல உக்காரும், அங்க டேப் வச்சா நாப்பத்திரெண்டுக்கு மேல. வெட்டின தோலை ஒட்ட வைக்க முடியுமா? முகம் செத்துப் போய் உக்காந்திருந்தேன். பழைய பெல்ட் படங்களைப் பாத்தப்பதான் வழி தெரிஞ்சது. அந்தக் காலத்து அகலப் பெல்ட்டுக்கு ரெண்டு முனையிலயும் ஒன்றரை இஞ்சு அகலத்துல தனி வாரு வச்சுத் தைச்சு, அதுலதான் பக்கிள் மாட்டியிருக்கான். அந்த வாருங்களை நாலு இஞ்சு கூடுதல் நீளமா வெட்டினேன், கணக்கு நேராயிடுச்சு. பாக்கறவங்க டிசைன்னு நெனப்பாங்க. அவன்களும் இப்படித்தான் எவனோ ஒருத்தன் தப்பா வெட்டினதுல கண்டுபிடிச்சிருப்பானுங்கன்னு எனக்கொரு சந்தேகம்.

அப்புறம் தோட்டா மாட்டற லூப். ஒவ்வொண்ணா தைக்கறது இல்ல, பெல்ட்ல வரிசையா கீறல் போட்டு, ஒரே நீள வாரை உள்ள வெளிய உள்ள வெளியன்னு பூக்கட்டற மாதிரி கோத்துட்டுப் போகணும், ஒவ்வொரு தடவையும் உள்ள ஒரு தோட்டாவை வச்சு இறுக்கணும். எங்கிட்டதான் தோட்டாவும் இருக்கக்கூடாதே. அரை இஞ்சு மரக்குச்சி வாங்கினேன், 12.7 மில்லி, ஆனா .45 கோல்ட் தோட்டா 12.2 மில்லிதான். அரை மில்லிதானேன்னு விட்டா தோல் நாளாக ஆக இளகும், நடந்தா வழியெல்லாம் தோட்டா உதிரும். உப்புத்தாள் வச்சு ரெண்டு சாயங்காலம் குச்சியைத் தேய்ச்சேன், காலிப்பர் வச்சுப் பாத்துப் பாத்து. மொத்தம் இருவத்தினாலு லூப். போட்டியில இதுல பாதி அழகுக்குத்தான்னு பெரியவர் அப்புறமா சொன்னார், முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

தையல்தான் எனக்குப் பிடிச்ச இடம். சேடில் ஸ்டிச்னு சொல்ற இதுல ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஊசி. சின்ன முள்ளுச் சக்கரத்தை உருட்டினா எங்கெங்க ஓட்டைன்னு புள்ளி விழும், ஒவ்வொரு புள்ளியிலயும் குத்தூசி போட்டு, அதே ஓட்டை வழியா ரெண்டு ஊசியும் எதிரும் புதிருமா போகணும், ரெண்டு கையாலயும் ஒரே அளவு இழுக்கணும். ஒரு நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்கம் போன நூல் பிடிச்சுக்கும், மிஷின் தையல் மாதிரி சரசரன்னு பிரியாது. நூல் தையல் நீளத்துக்கு நாலு மடங்குக்கு மேல வெட்டணும், தேன்மெழுகுல இழுக்கணும். துப்பாக்கி வாய் பக்கத்துல ரெண்டு தோலுக்கும் நடுவுல ஒரு ஒல்லியான தோல் பட்டை வச்சுத் தைக்கணும், அதுக்கு வெல்ட்னு பேர், இல்லன்னா துப்பாக்கி உரசி உரசி நூலையே அறுத்துடும். வெளிய தெரியாது. அந்த இடத்துல மூணு அடுக்கு, பத்து மில்லி, குத்தூசியை நெஞ்சு குடுத்துத் தள்ளினேன். ஒரு தடவை ஊசி வழுக்கி இடது கை கட்டை விரல்ல ஏறிடுச்சு.

விரலை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப பஸ் ஸ்டாண்டுல இருந்த அவரு ஞாபகம் வந்துச்சு. வேப்பமரத்தடியில சாக்கு விரிச்சு, கறுப்புக் குடையைச் சாய்ச்சு வச்சு உக்காந்திருப்பார். அவரோடது வேற தையல், நுனியில கொக்கி வச்ச ஊசி, கால் கட்டைவிரலால செருப்பை அழுத்திப் பிடிச்சுப்பார், ஊசி உள்ள போய் நூலைக் கவ்விட்டு வரும், பாத்துட்டே இருக்கலாம். என் ஸ்கூல் பை வாரை ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அவர்தான் தைச்சுக் குடுத்தார். காசைக் கையில குடுக்காம சாக்கு மேல போடச் சொல்லித்தான் வீட்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க, நானும் போட்டேன், அஞ்சு வருஷமா. அவர் பேர் எனக்குத் தெரியாது.

உறைக்கு வடிவம் குடுக்கறதுக்கு வெதுவெதுப்பான தண்ணியில ஒரு முக்கு, எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, உள்ள டம்மித் துப்பாக்கியைத் திணிச்சு, மான் கொம்புத் துண்டோ மர ஸ்பூன் காம்போ வச்சு சிலிண்டர் மேடு, விளிம்பு எல்லாத்தையும் நீவி நீவி எடுக்கணும். சப்பாத்தி மாவு மாதிரி சொன்ன பேச்சு கேக்கும். காயும்போது அப்படியே விறைச்சு நிக்கும். இவ்வளவும் ஒழுங்கா பண்ணிட்டு, காய வைக்க இடம் இல்லாம அடுப்பு மேடையில வச்சுட்டுத் தூங்கிட்டேன். காலையில பாத்தா முன்பக்கம் நீலங்கறுப்புல பெரிய பிறைநிலா. பக்கத்துல இருந்தது இரும்பு தோசைக்கல்.

கத்தினதுல வீட்டுக்காரம்மா எழுந்து வந்தாங்க. அவங்க பாத்துட்டு சாதாரணமா "கடுக்காய் மை மாதிரி இருக்கு"ன்னாங்க. நெஜமாவே அதுதான் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு உப்பு) சேத்தா மை ஆகறதுக்கும், பட்டைச் சாறு ஊறின ஈரத்தோல்ல இரும்பு பட்டா கறுக்கறதுக்கும் ஒரே காரணம், கடுக்காய்லயும் பட்டையிலயும் இருக்கற டேனினும் இரும்பும் சேர்றது. இங்க பழைய ஆளுங்க வினிகர்ல இரும்புத்தூளை ஊறப்போட்டு, வேணும்னே இப்படித்தான் தோலைக் கறுப்பாக்குவாங்க. எனக்குக் கறுப்பு வேணாம். எலுமிச்சம்பழச் சாறுல துணியை நனைச்சுத் தடவினேன், ரெண்டாவது தடவையிலயே மங்கிடுச்சு, நல்ல தண்ணியால துடைச்சுட்டேன். முழுசா போகல, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஒரு நிழல் தெரியும்.

மீதி எல்லாம் பொறுமை. ஓரத்தைச் சீவி, ஈரமாக்கி, மரக்கட்டையால சூடு பறக்கத் தேய்ச்சாத்தான் ரெண்டு அடுக்கும் ஒண்ணா கண்ணாடி மாதிரி ஆகும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மாட்டுக் காலெலும்புல இருந்து எடுக்கறது, மெலிசா ஒரு கை. சாயம் போடல. வெயில்ல ரெண்டு நாள் வச்சேன், தேன் கலருக்கு வந்துச்சு.

கொண்டு போய்க் குடுத்தேன். பெரியவர் மூணு தடவை செக் பண்ணி, தோட்டா இல்லைன்னு எனக்கும் தள்ளி நின்னு காட்டிட்டு, ரிவால்வரை உள்ள விட்டார். ஒரு சின்ன மூச்சு மாதிரி சத்தம், உள்ள இருக்கற காத்து வெளிய போச்சு. தலைகீழா கவுத்தார், விழல. உருவினார், சிக்கல. போட்டி முடிஞ்சதும் துப்பாக்கியை உறையிலயே வச்சு அலமாரியில போட்டுடாதீங்க, தோல் ஈரம் இழுக்கும், துரு ஏறும், பித்தளைத் தோட்டாவையும் லூப்லயே விட்டா பச்சையா களிம்பு பிடிக்கும்னு நான் லெக்சர் குடுத்தேன், அம்பது வருஷமா துப்பாக்கி வச்சிருக்கறவருக்கு. தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். அப்புறம் உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், ஸ்கர்ட்டைத் தூக்கிப் பாத்தார், பெல்ட்டோட உள்பக்கம் பாத்தார். தோசைக்கல் கறையைத்தான் கண்டுபிடிச்சிட்டாரோன்னு எனக்கு வயித்தைக் கலக்குது.

"எங்க உன் பேர்?"னார்.

போடலன்னேன். "செஞ்சவன் பேர் இல்லாத உறையா"ன்னு முகத்தைச் சுளிச்சார். எனக்கு அது தோணவே இல்ல. அத்தனை மீனியா முத்திரை படம் பாத்தும் தோணல. அவருக்கு இன்னொரு ரிவால்வர் இருக்கு, அதுக்கும் உறை தைக்கணும், அதுல பேர் இல்லாம கொண்டு வந்தா வாங்க மாட்டேன்னுட்டார்.

ரெண்டாவது உறை இப்ப டேபிள் மேலதான் ஈரத்தோட கெடக்கு. ஆன்லைன்ல பித்தளை முத்திரை ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கினேன், என் பேரும் கீழ "திண்டுக்கல்"லும், தமிழ்லயே. பழைய துண்டுத் தோல்ல ஏழெட்டுத் தடவை அடிச்சுப் பாத்தேன், "ண்"ல இருக்கற சுழி மட்டும் அப்பிக்குது, சுத்தியலைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சு அடிக்கணும் போல.

நேத்து அம்மா போன்ல பேசிட்டே இருந்தவங்க, வைக்கப் போற நேரத்துல "டேய், அந்த ஊசி எல்லாம் பிளேன்ல கொண்டு வர விடுவானா"ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். "என் நடக்கற செருப்பு வாரு பிஞ்சு கெடக்கு, மரத்தடியில இப்ப யாரும் உக்காரறது இல்ல." செக்-இன் பேக்ல போட்டா விடுவான்மான்னேன்.